ஹம்பி வரைக்கும் நிற்காத வண்டி

நைனா,

நேற்று ஆவடியில் உன் வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்ததும் அந்த வாசனை மூஞ்சியில் அடித்தது. டேஷ்போர்டில் நீ ஒட்டிவைத்த மல்லிகை சென்ட் குப்பி காய்ந்து எவ்வளவோ நாளாகிறது. ஆனாலும் சூடு ஏறினால் போதும், டீசலும் மல்லிகையும் ரெக்சின் சீட்டும் கலந்து அந்த நாற்றம் கிளம்பிவிடுகிறது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. பானெட்டை மூடிவிட்டு உன் புகழ் பாட ஆரம்பித்தார். "பெரியவரு வண்டிய புள்ள மாறி வச்சிகினு இருந்தாரும்மா. ரேடியேட்டர்ல ஒரு நாள் தண்ணி கொறய உட்டது கெடயாது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அந்த மனுஷனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்க வேண்டும். உனக்கும் புரிந்திருக்காது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் நம் தெருமுனையில் தம்பி பெரிய அஞ்சலி போர்டு வைக்கப்போகிறான். நீ கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வண்டியின் மேல் கை வைத்து நிற்கும் படம்தான். அதன் கீழே போட நாலு வரி எழுதித் தரச் சொல்லி என் உயிரை எடுக்கிறான். "நீதான் படிச்சவ, ஆபீசுல கீற, அழகா எழுதுவ" என்கிறான். பாசத்தின் சிகரமே, பண்பின் இமயமே என்றெல்லாம் நானும் எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. இதை எழுதினால் போர்டில் இடமும் போதாது, தம்பியும் என் முகத்தில் முழிக்க மாட்டான். அதனால் உனக்கே நேராக எழுதிவிடுகிறேன்.

வண்டி வாங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷினோடு மாரடித்து, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வந்து, கடைசியில் நம் தெருவிலேயே முதல் ஆளாக ஒரு கார் வாங்கினாய். செகண்ட் ஹேண்ட் டீசல் வண்டிதான். ஆனால் அன்றைக்கு நீ மாலை போட்டுக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தெருவே பார்க்கும்படி ஓட்டிக்கொண்டு வந்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அந்தப் பெருமை எத்தனை நாள் நின்றது என்பதுதான் கேள்வி.

வண்டியில் ஏறிவிட்டால் நீ வேறு ஆள். பஸ்காரன் நிறுத்துகிற இடத்தில்தான் இத்தனை வருஷமாக இறங்கினேன், இனிமேல் என் வண்டி நான் நினைக்கிற இடத்தில்தான் நிற்கும் என்பாய். கேட்பவர்களுக்கு அது வீரமாக இருக்கும். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைக்கு அது என்ன என்று நீ ஒரு தரமாவது யோசித்திருக்கிறாயா?

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. நாளைக்கு வெளியூர் என்றால் இன்றைக்குச் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள். ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் கிடையாது, மோர் கிடையாது. காலையில் காபி கிடையாது. பொடி தடவிய இட்லி இரண்டு, அதுவும் விக்கினால் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொள்வாள். திருத்தணி போனாலும் அப்படித்தான், மேல்மருவத்தூர் போனாலும் அப்படித்தான். நான் வயசுக்கு வந்ததும் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். "வழில எறங்கணும்னு கேட்டுகினு நிக்கக் கூடாது கண்ணு. உங்க நைனாக்கு மூடு மாறிடும்" என்றாள். உன் மூடு மாறாமல் இருக்க நாங்கள் இரண்டு பேரும் காய்ந்தோம்.

ஹம்பிக்குப் போகலாம் என்று நீ சொன்னது பக்தியாலா, சரித்திர ஆசையாலா? ஒன்றுமில்லை. உன் கம்பெனி சூப்பர்வைசர் குடும்பத்தோடு போய்வந்து, கல் தேரையும் இடிந்த கோபுரங்களையும் செல்போனில் காட்டினார். அவன் போனால் நாம் போகக் கூடாதா என்று உனக்கு ஏறிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின மே மாதம். கத்திரி வெயிலில் பாறைக்காட்டுக்கு யாராவது போவார்களா என்று நான் கேட்டேன். போறவன்லாம் பைத்தியக்காரனா என்று திருப்பிக் கேட்டாய். அதோடு பேச்சு முடிந்தது.

பூந்தமல்லியில் டேங்க்கை நிரப்பினாய். அதற்கப்புறம் நீ நிறுத்துவதாகவே இல்லை. வழியெல்லாம் பெட்ரோல் பங்க் வந்தது, ஓட்டல் வந்தது, டோல்கேட் வந்தது. ஒவ்வொன்றையும் அம்மா ஜன்னல் வழியாகக் கண்ணால் தொட்டுவிட்டு விட்டுவிடுவாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வண்டியை நிறுத்து நைனா என்றேன். "அதான் அடுத்த பங்க் வருதுல்ல, அங்க பாத்துக்கலாம்" என்றாய். அடுத்த பங்க் வந்தபோது நீ ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தாய். லாரி முக்கியம், சரி. அதற்கும் அடுத்ததில் உண்மையாகவே நிறுத்தினாய். அங்கே லேடீஸ் டாய்லெட் பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றான் பங்க் பையன். ஐந்து நிமிஷம் காத்திருக்கலாம் என்றேன். நீ ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணியிருந்தாய்.

சித்தூரைத் தாண்டி எங்கேயோ இரண்டு பக்கமும் புளியமரம் நின்ற ரோட்டில் வண்டி தானாகவே நின்றது. பானெட்டிலிருந்து புகை. இறங்கிப் பார்த்து, பாவம் இன்ஜின் காய்ஞ்சிபோச்சு என்றாய். நைனா, நீ 'பாவம்' என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு கனிவு. கேனில் அம்மா பிடித்து வைத்திருந்த தண்ணீரை எடுத்து, மூடியைத் துணியால் பக்குவமாகத் திறந்து, பொறுமையாக ஊற்றினாய். சூடு ஆறட்டும் என்று அரை மணி நேரம் நிழலில் நின்றாய். நீயும் தம்பியும் ஆளுக்கு ஒரு புளியமரத்தடிக்குப் போய் வேலையை முடித்துவிட்டு, ஜிப்பை இழுத்துக்கொண்டே பேசிச் சிரித்தபடி வந்தீர்கள்.

அம்மா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அவள் எதற்கு இறங்குகிறாள் என்று உனக்குத் தெரியும். "எங்கமே போற? திறந்த வெளி, லாரிக்காரன்லாம் பாத்துகினு போறான். உள்ள குந்து" என்றாய். அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். ஒரு புடவையைப் பிடித்து மறைப்பு கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அந்தக் கோபத்தை இன்றைக்கு இங்கே கொட்டுகிறேன். கொதிக்கிற வண்டிக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே உன் வண்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

ராத்திரியெல்லாம் ஓட்டி, மறுநாள் காலையில் ஹம்பி. நான் அங்கே எதைப் பார்த்தேன் என்று யாராவது கேட்டால் பாறை, வெயில், அம்மாவின் முதுகு என்றுதான் சொல்வேன். நீ முன்னால் நடந்தாய். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் உனக்கு என்றைக்கு இருந்தது? முதலில் ராணி குளிக்கிற மண்டபம். நடுவில் பெரிய தொட்டி, சுற்றி அலங்கார மாடம், வெளியே தண்ணீர் ஓட ஒரு கால்வாய். எங்கிருந்தோ கல்லிலே வாய்க்கால் வைத்து இங்கே வரைக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்று கைடு சொன்னார். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தாய். "பொம்பளைங்களுக்குன்னு அந்தக் காலத்துலயே இன்னாமா கட்டிகீறான் பாரு" என்று அம்மாவிடமே சொன்னாய். அம்மாவிடமே! அவள் அப்போது எந்தச் சுவருக்குப் பின்னால் ஆள் இல்லை என்று தேடிக்கொண்டிருந்தாள். சுவருக்கு ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றது.

கல் தேர் இருக்கிற கோயிலுக்குப் பேட்டரி வண்டியில் போக வேண்டும். வரிசை நீளமாக இருந்தது. வரிசையில் நிற்பது உனக்குப் பிடிக்காது, நடந்தே போகலாம் என்றாய். அம்மாவுக்கு அதற்குள் உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் குளிருகிறது என்றாள். அந்த வெயிலில் குளிருகிறது என்று ஒருத்தி சொன்னால் என்ன அர்த்தம்? வெயில் ஒத்துக்கல, ஒரு இளநீர் குடிச்சா சரியாய்டும் என்றாய். இளநீர் வாங்கியும் கொடுத்தாய். அவள் வாயில் வைத்து எச்சில் பண்ணிவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். குடித்தால் மறுபடி எங்கே போவது?

கோயிலுக்குள் கருவறை காலி. சாமி இல்லை, இங்கே கும்பிடக் கூடாது என்று கைடு சொன்னார். அம்மா மட்டும் அந்த இருட்டைப் பார்த்துக் கை கூப்பி நின்றாள். நீ அதைக் கிண்டல் பண்ணினாய், இல்லாத சாமியைக் கும்பிடுறா பாரு என்று. அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று பிற்பாடு நான் கேட்டேன். "ஒதுங்க ஒரு எடம் காட்டு சாமின்னு வேண்டிகினேன்டி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் தேருக்கு முன்னால் குடும்பப் படம். ஒண்ணு எடுத்துட்டுப் போலாம், இவ்ளோ தூரம் வந்து எடுக்கலன்னா எப்படி என்றாய். அந்தப் படம் நம் வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், அம்மா எவ்வளவு அமைதியாக நிற்கிறார்கள் என்பார்கள். அவள் என் தோளைப் பிடித்திருக்கிற கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும், விரல் நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கும். படம் எடுத்து முடித்ததும் அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டாள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். நல்ல பொம்பளை. அம்மா கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாள், எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டார். நான் அம்மாவைக் கேட்டேன். அவள் உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வண்டில வரோம்ல, அதான் குடிக்கல" என்றாள். உன் மேல் குற்றம் சொல்லவில்லை. மழை பெய்ததால் குடை எடுத்தேன் என்பதுபோல்தான் சொன்னாள். உனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"தண்ணி குடிக்காதன்னு நான் எப்பனா சொல்லிகீறனா? டாக்டர் முன்னாடி நீயே சொல்லு" என்றாய்.

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். உண்மைதான். கோர்ட்டுக்கே போனாலும் நீதான் ஜெயிப்பாய். நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நீ நிறுத்தவில்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக உன்னை நான் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்கவில்லை, நைனா. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது திட்ட விட்டாயா?

சிறுநீரில் ஆரம்பித்த நோய் கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது, இது ஒரு நாளில் வந்தது இல்லை, வருஷக்கணக்காக அடக்கி அடக்கி வந்தது என்றார் டாக்டர். அன்றைக்கு நீ வெளியே பெஞ்சில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாய். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தம்பி சண்டைக்கு வருவான். ஆனால் திரும்பி வந்த வழியில் நீ செய்ததையும் எழுதத்தானே வேண்டும்? பங்க் கண்ணில் பட்டால் போதும், பிரேக் போட்டாய். ஒன்றைக்கூட விடவில்லை. "இன்னாமே, எறங்குறியா? எறங்கு, எறங்கு. அப்பறம் டாக்டராண்ட போய்ச் சொல்லுவ" என்று பங்க் பையன்கள் காதில் விழும்படி கேட்டாய். அம்மா ஒரு இடத்திலும் இறங்கவில்லை. வேணாங்க, வேணாங்க என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே பூந்தமல்லி வரைக்கும் வந்தாள். நிறுத்துவதைக்கூட ஒருத்தியை அவமானப்படுத்தச் செய்ய முடியும் என்று உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் நீ வண்டி ஓட்டிய வரைக்கும் அவள் அதில் ஏறவே இல்லை. உடம்பு முடியல என்று சொல்லிச் சொல்லித் தப்பித்தாள். அது பொய்யும் இல்லை. ஒரு பக்கத்துக் கிட்னி சுருங்கிவிட்டது. இப்போது நெமிலிச்சேரியில் என் பிளாட்டில்தான் இருக்கிறாள். கரையான்சாவடிப் பக்கம் ஒரு டாக்டரிடம் மாதா மாதம் உன் வண்டியில் நான்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். நிறையத் தண்ணீர் குடிங்கம்மா என்று அவர் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுகிறார். வீட்டில் இருக்கிற நாளில் குடிப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் குடிக்க மாட்டாள். கிட்னி டாக்டரைப் பார்க்கத் தண்ணீர் குடிக்காமல் போகிற பொம்பளையை நீதான் உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறாய்.

போன மாதம் அப்படி ஒரு நாள் திரும்பி வருகிறோம். கரையான்சாவடியில் வண்டி நகரவே இல்லை. அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அந்தக் கோயில நான் பாக்கவே இல்லடி" என்றாள். எந்தக் கோயில் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கல் தேர் என்றாள். அதன் முன்னால் நின்றுதானே படம் எடுத்தோம் என்றேன். "கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஒண்ணும் ஏறல. இன்னொரு வாட்டி போலாமா?" என்றாள். உன்னிடம் அவள் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. என்னிடம் கேட்டுவிட்டாள். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், எனக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்ததில் கிளட்ச்சை விட்டு வண்டி நின்றுபோய்விட்டது.

நேற்று வண்டியை சர்வீஸுக்கு விட்டது அதற்குத்தான். நானும் அவளும் மட்டும் போகிறோம். குழந்தையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். இது மே மாதம் இல்லை, வெயில் இறங்கிவிட்டது. வழியில் ஒரு ராத்திரி தங்கிப் போவோம். எந்த இடத்திலெல்லாம் சுத்தமான டாய்லெட் இருக்கிறது என்று ஆபீஸில் நாலு பேரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய். சிரி.

நேற்றுச் சாயங்காலம் எழுத ஆரம்பித்தது, இப்போது விடிந்துவிட்டது. கிளம்ப வேண்டும். பையெல்லாம் வாசலில் இருக்கிறது. சற்று முன்னால் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்து அம்மா கையில் கொடுத்தேன். இதைக் குடித்தால்தான் வண்டியை எடுப்பேன் என்றேன். அவள் சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்கம்போல ஏதாவது சாக்குச் சொல்வாள், இன்றைக்கு விடக் கூடாது என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ குடிச்சியா?" என்று கேட்டாள்.

குடித்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான் குடிக்கவில்லை, நைனா. நேற்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு வாய் குடித்ததோடு சரி. ரசம் வைத்திருந்தேன், எனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. காலையில் காபி போட்டேன், என் டம்ளரை அப்படியே சிங்க்கில் கவிழ்த்திருக்கிறேன். கவிழ்த்தது என் கைதான், எதற்கென்று அந்தக் கை என்னிடம் கேட்கக்கூட இல்லை. வண்டி ஓட்டப்போவது நான். சாவி என் இடுப்பில் இருக்கிறது. நிறுத்த வேண்டியதும் நான்தான். நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னை இவ்வளவு திட்டி எழுதிக்கொண்டு, நான் உனக்காகக் காய்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா சொம்பை என் பக்கம் நீட்டி, "மொதல்ல நீ குடி" என்றாள்.

சொம்பை வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். பாதிச் சொம்பு. மீதியை அவள் வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போயிருக்கிறாள். நானும் போகிறேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வருகிற முதல் பங்க்கில் வண்டியை நிறுத்துவேன். அம்மா கேட்க வேண்டியதில்லை. எனக்கே முட்டும்.